ஒரு பின்னொட்டின் மருத்துவக் குணங்கள்

எழுபத்தோரு மணி நேரம். மருத்துவ உலகம் நூறாண்டுகளாக முட்டி மோதியும் செய்ய முடியாத ஒன்றை எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையம் சரியாக எழுபத்தோரு மணி நேரத்தில் செய்து முடித்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேருடைய ரத்தச் சர்க்கரையை ஊசி இல்லாமல், மாத்திரை இல்லாமல், அவர்களுக்கே தெரியாமல் குறைத்தோம். பயன்படுத்திய மருந்து ஒன்றே ஒன்று. அது ஒரு பின்னொட்டு.

பின்னொட்டு என்றால் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும் துண்டு. இந்தத் துண்டின் பெயர் 'மெந்தே'. ஊர் இத்தாலி. அதை எங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் மேலாளரின் சகலை.

சகலை இத்தாலியில் பதினோரு மாதம் குளியலறைக் கல் விற்றவர். விற்பனை எப்படி நடந்தது என்று யாரும் கேட்டதில்லை. திரும்பி வந்தபோது அவரிடம் காலர் இல்லாத சட்டைகள் சிலவும், ஒரு மொழியும், 'பணியிட மனவளப் பயிற்றுநர்' என்று அச்சடித்த அட்டைகளும் இருந்தன. அட்டைகள் நிறைய இருந்தன. எங்கள் மேலாளர் குடும்பப் பாசம் மிக்கவர்.

நான் அந்த நிலையத்தில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தகுதிகாண் காலம் ஆறு மாதம். உயிர்வேதியியல் படித்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் காது சூடாகிவிடும். இதை மேலாளர் என் 'அடக்கம்' என்று கோப்பில் குறித்திருந்தார்.

பயிலரங்கு மூன்று நாள். வரவேற்புக் கூடத்தை விட்டால் எல்லோரும் உட்காரும் அளவுக்குப் பெரியது, ரத்த மாதிரிகளைச் சோதிக்கும் 'மாதிரி அறை' ஒன்றுதான். நீள மேசை, இரண்டு இயந்திரங்கள், என் உயரத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ். கிளைகளில் எடுத்த ரத்தம் மாலையில் ட்யூப்களாக வந்து இந்த ஃப்ரிட்ஜில் இரவைக் கழிக்கும். மறுநாள் காலை எட்டரைக்கு இயந்திரத்துக்குப் போகும். ஃப்ரிட்ஜின் உள் விளக்கு எப்போதோ போய்விட்டது. கைப்பிடியை மருத்துவ நாடா சுற்றிக் காப்பாற்றி வைத்திருந்தோம். அறையில் ஒழுங்காக வேலை செய்யும் மின் இணைப்புகள் மூன்றே மூன்று. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புரொஜெக்டருக்கு மின்சாரம் 'ஏற்பாடு செய்யப்பட்டது'. பயிலரங்கு தொடங்கியது.

"லத்தீன்ல மென்ஸ்னா மனசு," என்றார் பயிற்றுநர். "மெந்தேன்னா மனசோட. 'கிளாரா மெந்தே'ன்னா தெளிஞ்ச மனசோட. முதல்ல ரெண்டும் தனித்தனிச் சொல்லாத்தான் இருந்துது. பேசிப் பேசி ஒட்டிக்கிச்சு. இத்தாலியன்ல 'கியாரமெந்தே'. ஸ்பானிஷ்ல 'கிளாரமெந்தே'. பிரெஞ்சுல வால் தேஞ்சுபோய் 'கிளேர்மான்'. எல்லாம் ஒண்ணுதான். தெளிவாக."

மேலாளர் தெளிவாகத் தலையாட்டினார்.

"அங்க ஒருத்தன் மெதுவா நடக்கிறேன்னு சொன்னா, மெதுவான மனசோட நடக்கிறான்னு அர்த்தம். ஒவ்வொரு வேலைக்குள்ளயும் ஒரு மனசு உக்காந்திருக்கு. நம்ம ஆளு 'மெதுவாக'ங்கிறான். அந்த 'ஆக'வுக்குள்ள என்ன இருக்கு?"

பயிற்றுநரே பதிலும் சொன்னார்.

"ஒண்ணுமில்ல. ஆகுறது, அவ்வளவுதான். வேலை ஆச்சா, பையை எடு, கிளம்பு."

"அதான் சகலை நம்ம பிரச்சினையே," என்றார் மேலாளர்.

"ருமேனியாக்காரங்க மட்டும் இந்த ஒட்டைப் பெருசா சேர்த்துக்கல."

"பாவம்," என்றார் மேலாளர். அந்த மக்களுக்காக அறை சிறிது நேரம் அமைதி காத்தது.

பிறகு ஸ்பானிஷ் மொழியின் ஒரு நுட்பம் சொல்லப்பட்டது. அந்த மொழியில் இப்படி இரண்டு சொற்கள் சேர்ந்து வந்தால், கடைசிச் சொல்லுக்குத்தான் மெந்தே. முதல் சொல் மொட்டையாக வரும். மனம் ஒன்று கடைசியில் நின்றால் போதும், இரண்டுக்கும் பாய்ந்துவிடும்.

மேலாளர் பேனாவைத் திறந்தார். அன்று மதியமே முதல் சுற்றறிக்கை வெளிவந்தது. 'ஒரு பணியை இருவர் சேர்ந்து செய்யுமிடத்து, மனம் இரண்டாமவருக்கு இருந்தால் போதுமானது.'

எங்கள் நிலையத்தில் ட்யூப்களை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வருபவர் சீனியர் அக்கா. வாங்கி இயந்திரத்தில் வைப்பவள் நான். அக்காவுக்கு மனத்திலிருந்து முழு விலக்குக் கிடைத்தது.

"இருபத்திரண்டு வருஷமா இதைத்தான்டி கேட்டுக்கிட்டு இருந்தேன்," என்றார் அக்கா.

அடுத்தது பதிவேடு. செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அது எந்த மனத்தோடு செய்யப்பட்டது என்று எழுத 'மனம்' என்றொரு கட்டம் வேண்டும் என்றார் பயிற்றுநர். பதிவேட்டில் ஏற்கனவே ஏழு கட்டங்கள் இருந்தன. எட்டாவதுக்குத் தாளில் இடமில்லை. ஒன்று போனால்தான் ஒன்று வரலாம். எது போவது என்று முடிவெடுக்க மேலாளர், பயிற்றுநர், சீனியர் அக்கா ஆகியோர் கொண்ட குழு அமைக்கப்பட்டு உடனே கூடியது. நான் கூட்டக் குறிப்பு எழுதினேன்.

"கையெழுத்தை எடுத்துடலாமா?" என்றார் மேலாளர்.

"அப்புறம் தப்பு நடந்தா யாரைப் பிடிப்பீங்க?" என்றார் அக்கா.

"சரி, அது இருக்கட்டும். முடிவு?"

"முடிவைத்தான் வேற தாள்ல அடிச்சுக் குடுக்கிறோமே. இங்க எதுக்கு?" என்றார் பயிற்றுநர்.

"ஆளுங்க அதுக்குத்தான் சகலை வர்றாங்க."

"அப்படியா."

மேலாளரின் விரல் கட்டம் கட்டமாக நகர்ந்து 'ஃப்ரிட்ஜ் வெப்பநிலை'யில் நின்றது. அவர் மேலிருந்து கீழாக உரக்கப் படித்தார். "நாலு. நாலு. நாலு. மூணரை. நாலு. நாலு. என்னம்மா இது, மூணு வருஷமா ஒரே நம்பரை எழுதிக்கிட்டு இருக்கீங்க. இதைப் படிச்சு யாருக்கு என்ன தெரியப்போகுது?"

"மாறாததையே தினம் எழுதினா மனசு மரத்துப்போயிடும்," என்றார் பயிற்றுநர்.

நான் வாய் திறந்தேன். "சார், அது மாறினா தெரியணும்னுதான்…"

மூன்று பேரும் திரும்பினார்கள். என் காது சூடானது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

'வெப்பநிலைக் கட்டம் ஒருமனதாக நீக்கப்பட்டது. கூட்டத்திலிருந்த இளம் பணியாளர் ஒருவர் மகிழ்ச்சி தெரிவித்தார்' என்று குறிப்பில் இருக்கிறது. குறிப்பை எழுதியது நான்தான்.

செவ்வாய்க்கிழமை காலை புதிய பதிவேடு நடைமுறைக்கு வந்தது. 'அமைதியாக', 'பொறுமையாக', 'நிறைவாக' என்று கட்டங்கள் நிறைந்தன. நல்ல மனங்களுக்கு மேலாளர் தங்கநிற நட்சத்திரம் ஒட்டினார். சீனியர் அக்கா விலக்கு இருந்தும் பெருந்தன்மையாகக் கலந்துகொண்டார். ஃப்ரிட்ஜுக்குள் கைவிட்டு ட்யூப்களை எடுத்து வந்தவர் என்னிடம் சொன்னார்.

"ஏன்டி, ஃப்ரிட்ஜு இன்னைக்கு இதமா இருக்குல்ல?"

"எப்பவும் போலத்தான்க்கா இருக்கும்," என்றேன். போய்த் தொட்டுப் பார்க்கவில்லை.

அக்கா 'இதமாக' என்று எழுதினார். இரண்டு நட்சத்திரம் கிடைத்தது.

பத்து மணிக்கு முடிவுகள் வந்தன. நூற்று நான்கு பேர். முந்நூறு இருந்தவர்களுக்கு நூற்று முப்பது. இருநூறு இருந்தவர்களுக்குத் தொண்ணூறு. மேலாளர் தாள்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனத்தோடு எடுத்த ரத்தம், மனத்தோடு வைத்த ரத்தம், மனத்தோடு பார்த்த ரத்தம். வேறு எதுவும் மாறவில்லையே என்றார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். உண்மைதான், வேறு எதுவும் மாறியதாக அதில் இல்லை.

ஏற்கனவே நலமாக இருந்தவர்களும் கைவிடப்படவில்லை. அவர்களுக்கு ஐம்பது, நாற்பத்தைந்து என்று வந்தது. ஒருவருக்கு முப்பத்தெட்டு.

"சார், முப்பத்தெட்டுன்னா ஆளு மயங்கி விழுந்திருக்கணும்," என்றார் அக்கா.

"விழுந்தாரா?"

"இல்ல, ரத்தம் குடுத்துட்டு நடந்துதான் போனாராம்."

"பாத்தீங்களா, அதுதான் மெந்தே," என்றார் மேலாளர்.

அந்த நூற்று நான்கில் ஒருவர் எங்கள் பெட்டி அண்ணன். கிளை கிளையாகப் போய் ட்யூப்களைப் பெட்டியில் வைத்து வண்டியில் கொண்டுவருபவர். மாதம் ஒருமுறை தன் ரத்தத்தையும் ஒரு ட்யூப் சேர்த்துக் கொடுப்பார். போன மாதம் இருநூற்று எண்பத்தாறு. தினம் காலையில் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வார். வலது கால் கட்டைவிரலில் ஏழு வாரமாக ஆறாத புண், அதற்கு ஒரு கட்டு. இந்த முறை நூற்றுப் பதினெட்டு.

"தங்கச்சி, இது என்னுதுதானா? பேரை ஒருக்கா பாரு."

"உங்களுதுதான் அண்ணா."

"அப்போ ஊசி?"

நான் பதில் தேடுவதற்குள் மேலாளர் வந்து அவர் தோளில் கை போட்டார். "ஊசி எதுக்குய்யா? மனசு வேலை செய்யுது. சும்மா உடம்பைக் குத்திக்கிட்டு." மேலாளர் படித்தது வணிகவியல்.

பெட்டி அண்ணன் அங்கேயே வீட்டுக்குப் போன் போட்டார். "ஏய், நாளையிலேர்ந்து ஊசி கிடையாது. ஆமா. சார் சொல்லிட்டாரு. அழுவுறியா சிரிக்கிறியா, ஒண்ணும் புரியல."

புதன்கிழமையும் இதே அற்புதம். வியாழக்கிழமை சீனியர் அக்கா வரத் தாமதமாகும் என்று சொல்லியிருந்ததால், காலை எட்டு மணிக்கு ட்யூப்களை எடுக்க நான் போனேன்.

கை உள்ளே போனதும் தெரிந்துவிட்டது. வெயிலில் நிறுத்திய பேருந்தின் இருக்கையைத் தொட்டது போல இருந்தது. குனிந்து பார்த்தேன். ஃப்ரிட்ஜின் பிளக் தரையில் 'கழன்ற நிலையில் காணப்பட்டது'. அதன் இடத்தில் புரொஜெக்டரின் பிளக் இருந்தது. திங்கட்கிழமை மாலையே பழையபடி மாட்டியிருக்க வேண்டும். 'விடுபட்டிருந்தது'. யாரால் என்பது அப்போது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

உடம்பை விட்டு வந்த பிறகும் ரத்தம் கொஞ்ச நேரம் உயிரோடுதான் இருக்கும். அதன் அணுக்கள் ட்யூபில் இருக்கும் சர்க்கரையைத் தின்னும். குளிரில் வைத்தால் கொறிக்கும். சூட்டில் விட்டால் வழித்துத் தின்றுவிடும். மூன்று இரவுகள் எங்கள் ஃப்ரிட்ஜில் நடந்தது அதுதான். யாருடைய உடம்பிலும் எதுவும் குறையவில்லை. இது முதலாம் ஆண்டுப் பாடம். அதில் எனக்கு எழுபத்தெட்டு மதிப்பெண்.

பிளக்கை மாட்டினேன். ஃப்ரிட்ஜ் உறுமி எழுந்தது. கையில் நூற்று நான்கு ட்யூப்கள். அவற்றைக் கொட்ட வேண்டும். முந்திய இரண்டு நாள் முடிவுகளையும் திரும்பப் பெற வேண்டும். மேலாளர் அறைக்குப் போய் இதைச் சொல்ல வேண்டும். நான் மேலாளர் அறை வரைக்கும் போனேன். உள்ளே சகலைகள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டக் கை தூக்கினேன். காது சூடானது. திரும்பி வந்தேன்.

"என்னடி முழிக்கிறே, மெஷின்ல வை. மணி எட்டரை," என்றார் வந்து சேர்ந்த அக்கா.

வைத்தேன். 'மனம்' கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். மேலாளர் கண்டுபிடித்துக் கேட்டார். 'பணிவாக' என்று எழுதினேன். ஒரு நட்சத்திரம்.

அன்று மாலை நூலகத்தில் அந்தப் பின்னொட்டைப் பற்றிப் படித்தேன். பயிற்றுநர் சொன்ன எதுவும் பொய்யில்லை. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார். முதலில் மனமுள்ளவர்களுக்குத்தான் மெந்தே. பிறகு அது எதோடும் ஒட்டத் தொடங்கியது. கல்லும் 'ரபிதமெந்தே' விழுந்தது. வேகமாக. கல்லுக்கு ஏது மனம்? சில நூற்றாண்டுகளில் உள்ளே இருந்த மனம் ஆவியாகிப் போய் ஓசை மட்டும் நின்றுவிட்டது. இன்று அதைச் சொல்லும் யாருக்கும் அதற்குள் ஒரு மனம் இருந்த நினைவில்லை. எங்கள் நிலையம் இதை நான்கே நாளில் எட்டிவிட்டது என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

வெள்ளிக்கிழமை முடிவுகள் பழைய நிலைக்கு ஏறின. நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். இனி அவர்களே யோசிப்பார்கள், கேட்பார்கள், வெளியே வந்துவிடும். மேலாளர் யோசிக்கவும் செய்தார். பயிலரங்கு நடந்த வரைக்கும் சர்க்கரை இறங்கியிருந்தது. பயிலரங்கு முடிந்ததும் ஏறிவிட்டது. இதைவிட என்ன சான்று வேண்டும் என்று சகலையை ஆறு மாதத்துக்கு நியமித்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை பாராட்டு விழா என்றும் அறிவித்தார்.

பெட்டி அண்ணன் தண்ணீர் குடிக்க ஆரம்பித்திருந்தார். வெள்ளிக்கிழமை அவர் வண்டியில் ஒரு பாட்டில் தொங்கியது. சனிக்கிழமை இரண்டு. திங்கட்கிழமை நான்கு. ஒவ்வொரு கிளையிலும் கழிப்பறையைத் தேடுகிறார், அதனால் பெட்டி தாமதமாக வருகிறது என்று புகார் வந்தது.

"அண்ணா, இன்னொரு தடவை சுகர் பாத்துடலாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு தங்கச்சி? நல்லா இருக்கிறதை நோண்டிப் பாத்தா கண்ணு பட்டுடும்."

"எதுக்கும் அந்த ஊசியைப் போட்டுக்கோங்களேன்."

அவர் பாட்டிலை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன், உனக்கு ஏதாவது தெரியுமா?"

மாதிரி அறையில் அப்போது நாங்கள் இரண்டு பேர்தான். நாலு பேர் கூட இல்லை.

"இல்லண்ணா," என்றேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணி. வரவேற்புக் கூடத்தில் நாற்பது நாற்காலிகள். சுவரில் 'மனமே மருந்து' என்ற பதாகை. சர்க்கரை குறைந்தவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முன்வரிசையில் தனி நாற்காலியில் பெட்டி அண்ணன். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயருக்கு எதிரே 'வாழும் சான்று' என்று இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி. காலடியில் பாட்டில்கள்.

மேலாளர் நாற்பது நிமிடம் பேசினார். பிறகு பயிற்றுநர் பேசினார். தனக்கான சட்டமிட்ட சான்றிதழைத் தானே எழுதியிருந்ததால், ஒரு பிழையும் இல்லாமல் படித்துக் காட்டிவிட்டுப் பெற்றுக்கொண்டார். வாழும் சான்றை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உடனே உட்கார்ந்தார். உதடு வெடித்திருந்தது.

"மகிழ்ச்சியில தடுமாறுறாரு," என்றார் மேலாளர். கூடம் கைதட்டியது.

நன்றியுரைக்கு என் பெயர் போட்டிருந்தார்கள். "நாலு பேருக்கு நன்றி சொல்லிட்டு வந்து உக்காரும்மா," என்று மேலாளர் காதோடு சொன்னார். "உன் கன்ஃபர்மேஷன் ஆர்டர் என் பையில இருக்கு. இறங்கினதும் தர்றேன்."

ஒலிபெருக்கிக்குப் போகும் வழி பெட்டி அண்ணனின் நாற்காலியை ஒட்டிப் போனது. அவர் மூச்சு வேகமாக இருந்தது. அதில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை.

"அண்ணன் வழியில ஏதோ பழம் சாப்பிட்டிருக்காரு," என்றார் சீனியர் அக்கா.

அது பழம் இல்லை. சர்க்கரையை எடுத்துக்கொள்ள முடியாத உடம்பு தன் கொழுப்பையே எரிக்கும்போது வரும் வாசனை. அதற்கு அடுத்தது மயக்கம். அதற்கு அடுத்ததும் பாடத்தில் இருக்கிறது.

தாளைப் பிரித்தேன். காது சூடாக இருந்தது.

"மூன்றே நாளில் எங்கள் அனைவருக்கும் மனம் வழங்கிய பயிற்றுநர் அவர்களுக்கு நன்றி," என்று படித்தேன். கைதட்டல்.

"பதிவேட்டில் அதற்கு இடம் கண்டுபிடித்த மேலாளர் அவர்களுக்கு நன்றி." கைதட்டல்.

"பூரண நலம் பெற்ற…"

பெட்டி அண்ணன் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார். மூடி கையிலிருந்து நழுவி உருண்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணா, உங்களுக்குச் சுகர் குறையல," என்றேன்.

ஒலிபெருக்கி கீச்சிட்டது.

"தாளைப் பாத்துப் படிம்மா," என்றார் மேலாளர்.

"இங்க யாருக்குமே குறையல. சூட்டுல ட்யூப்லதான் குறைஞ்சுது. அண்ணி, அவரை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஊசியை நிறுத்தி ஏழு நாள் ஆச்சுன்னு சொல்லுங்க. அக்கா, வண்டி எடுங்க."

சீனியர் அக்கா எழுந்தார். நாற்பது நாற்காலிகளும் ஒரே நேரத்தில் நகர்ந்தன. மேலாளர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எல்லாரும் உக்காருங்க. சின்னப் பொண்ணு, பதற்றத்துல உளறுது. என்ன சூடு? எங்க சூடு? ஃப்ரிட்ஜு நின்னிருந்தா ரிஜிஸ்டர்ல இருந்திருக்குமே."

"மூணு நாள் நின்னுது சார்," என்றேன். "புரொஜெக்டருக்கு இடமில்ல, அதைப் பிடுங்கிட்டு இதை மாட்டுன்னு நீங்கதான் சொன்னீங்க. பிடுங்கினது நான்."